அலாரத்தை அடக்கிய ஜோதிலிங்கம்

பெரிய மனிதர்களின் வரலாறு அவர்கள் பிறந்த ஊரிலிருந்து தொடங்கும். ஜோதிலிங்கத்தின் வரலாற்றை ஒரு சுவரிலிருந்துதான் தொடங்க முடியும். சுவருக்கு இந்தப் பக்கம் சர்வர் அறை. அந்தப் பக்கம் இணை இயக்குநர் வெங்கடேஸ்வரனின் அறை. நடுவில் ஒரு செங்கல் கனம். ஜோதிலிங்கம் உயர்ந்ததும் விழுந்ததும் அந்த ஒரு செங்கலுக்குள்தான்.

சுவர் இருந்தது புதுதில்லியில், பவன் என்று பெயர் முடிகிற கட்டடங்களுள் ஒன்றின் நான்காம் மாடியில். படிவச் சீரமைப்பு இயக்ககம் என்று அதற்குப் பெயர். நாட்டில் புழங்கும் அரசுப் படிவங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அலுவலகம். ஒரு படிவத்தை ஒழிக்க வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள மூன்று படிவங்களை நிரப்பித் தர வேண்டும். பணி செவ்வனே நடந்துகொண்டிருந்தது.

ஜோதிலிங்கம் ஏரல் பக்கத்து ஆள். நாகர்கோவிலில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தில்லிக்கு ரயிலேறினார். நேரு பிளேஸில் ஒரு கடையில் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவரை, தொண்ணூற்றாறில் இயக்ககம் ஒப்பந்த அடிப்படையில் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் அது கடைசி முறை என்று எழுத்தில் தெரிவிக்கப்படும்.

அவருக்கு மவுஸ் பிடிக்காது. கையைக் காட்டிக் காட்டிப் பேசுவது ஊமைக்குத்தான் தேவை, வாயுள்ளவன் வாயால் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கமாண்ட் அடித்தால் இயந்திரம் பதில் சொல்லும். கேட்டதற்கு மட்டும் சொல்லும். பொய் சொல்லாது. இந்த மூன்று குணமும் உள்ள வேறு யாரையும் அவர் அந்த நான்காம் மாடியில் சந்தித்ததில்லை.

தினமும் காலையில் வந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்து சர்வரிடம் நலம் விசாரிப்பார். விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, உள்ளே என்ன சூடு, வோல்ட்டேஜ் ஏறியதா இறங்கியதா, டிஸ்க் இரண்டும் சுகமா. பதில் வரிவரியாக வரும். கடைசி வரி வரை படித்துவிட்டு “ம்” என்பார். அதன் பிறகுதான் டீ.

“அந்தப் பொட்டிக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு தெனமும் பாக்கீய. ஒங்க மவளுக்கு முந்தாநாள்லேருந்து காய்ச்சலு. அது தெரியுமா?” என்று அவர் மனைவி செல்வி ஒருமுறை கேட்டாள்.

“எத்தனை டிகிரி?”

“பாத்தீயளா, அதுக்கும் நம்பர்தான் வேணும்.”

சர்வரின் சூட்டைப் பற்றி அவர் கவலைப்படக் காரணம் இருந்தது. அந்த அறையில் ஏ.சி. ஒன்று இருந்தது. வெங்கடேஸ்வரன் பதவியேற்றது ஒரு மே மாதத்தில். அந்த வாரமே ஏ.சி. சுவரின் மறுபக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. இயந்திரத்துக்கு வியர்க்காது, அதிகாரிக்கு வியர்க்கும் என்பது அறிவியல்பூர்வமாக மறுக்க முடியாத வாதம். பதிலுக்கு ஒரு கூலர் வந்தது. வைக்கோல் மெத்தையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈரக்காற்றை அது மின்சாதனத்தின் முகத்திலேயே ஊதியது. அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது ஒப்பந்தத்தில் இல்லை. ஜோதிலிங்கம் ஊற்றினார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘லிக் கே தீஜியே’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். யார் வந்து எதைச் செய்யச் சொன்னாலும், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் ஒரு கமாண்டையும் அவர் அடிக்க மாட்டார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதுகெலும்பு கிடையாது, காகிதம்தான் உண்டு என்பதை நேரு பிளேஸிலேயே கற்றிருந்தார். ஒரு துணை இயக்குநர் சர்வரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு, காகிதம் கிடைக்காமல் சமோசா பொட்டலத்தைப் பிரித்து அதில் எழுதிக் கையெழுத்திட்டார். அதையும் ஜோதிலிங்கம் பத்திரமாகக் கோப்பில் வைத்தார். எண்ணெய் மற்ற காகிதங்களுக்கும் பரவி, கோப்பு முழுவதும் கண்ணாடிபோல் ஆனது. அரசு நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை வந்தது அந்த ஒரு கோப்பில்தான்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்தாண்டுகள் இடைவெளியில்லாமல் பணியாற்றிய ஒப்பந்த ஊழியர்களை ஒரே ஒரு முறை மட்டும் நிரந்தரம் செய்யலாம். இந்த வாய்ப்பு மீண்டும் வராது. ஜோதிலிங்கத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. வேறெந்த வேலைக்கும் வயது வரம்பு கதவைச் சாத்திவிட்டது. மகள் கவிதா புசா ரோடு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. கரோல்பாக் சந்தில் ஒன்றரை அறை வீடு. இந்தக் குடும்பம் இனி நிமிர்வதா குனிவதா என்பது, பத்தாண்டு வருகைப் பதிவை அவர் அதற்கான கமிட்டி முன் காட்டுவதில் இருந்தது.

வருகைப் பதிவு எங்கே இருந்தது? சர்வரில் இருந்தது. சர்வரில் மட்டும்தான் இருந்தது.

காரணம், ‘காகிதமற்ற அலுவலகம்’ என்ற விருது. அதற்கு விண்ணப்பித்திருந்த வெங்கடேஸ்வரன், பழைய வருகைப் பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதும் பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிட்டார். மறுபிரதி ஒன்று வேறு கணினியில் வேறு அறையில் இருந்தது. ஜோதிலிங்கத்தின் ஏற்பாடு. தணிக்கைக்காரர்கள் வந்து, ஒரே ஆவணம் இரண்டு இடங்களில் இருப்பது பாதுகாப்பு விதிக்கு முரண் என்றார்கள். பூட்டு உள்ள அறை சர்வர் அறை ஒன்றுதான் என்பதால், மறுபிரதியும் எழுத்துப்பூர்வமான உத்தரவின்பேரில் அதே சர்வருக்குள் வந்து சேர்ந்தது. வீட்டுச் சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து, மாற்றுச் சாவியையும் அதே வளையத்தில் மாட்டிவைப்பது போல.

தன் பதிவை மட்டும் அச்செடுத்துக்கொண்டு ஜோதிலிங்கம் நிர்வாகப் பிரிவு அதிகாரி பட்நாகரிடம் போனார். சான்றொப்பமிட்டுத் தர முடியுமா?

பட்நாகர் அதைத் தொடக்கூட இல்லை. “கமிட்டி உட்காரும் அன்றைக்கு எடுத்த தாள்தான் செல்லும், ஜோதிஜி. இது ‘பாஸி’, பழசு. நேற்றைய பால் மாதிரி” என்றார் இந்தியில்.

அந்தக் கோடையில் டிஸ்குகளில் ஒன்று செத்தது.

சர்வரில் இரண்டு டிஸ்குகள் இருந்தன. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். தாங்குகிற காலத்துக்குள் புதிது வாங்கிப் போட்டுவிட வேண்டும். அதை ஊருக்கு அறிவிக்கத்தான் டிஸ்குகளை மேய்க்கும் அட்டையில் ஓர் அலாரம் உண்டு. அது அடித்தது. மாருதி காரை ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே, அந்த ஓசை. ஆனால் கார் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை.

புது டிஸ்க் கேட்டு ஜோதிலிங்கம் அன்றே எழுதிக் கொடுத்தார். பழையதைக் கழித்தால்தான் புதியது வாங்க முடியும், கழிப்பதற்கு மூவர் கமிட்டி உண்டு என்று பதில் வந்தது. மூவரில் ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஒருவர் ஜெனீவாவில் படிவங்களைப் பற்றிப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். மூன்றாமவர் வெங்கடேஸ்வரன். ஒருவரே உட்கார்ந்தால் அது கமிட்டி ஆகாது. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. செங்கல் ஒன்றுதானே, தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் இணை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

வெங்கடேஸ்வரன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். அலுவலகத்தில் அவர் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை. ஜோதிலிங்கம் சொன்ன “வணக்கம் சார்” ஒவ்வொன்றுக்கும் “யெஸ்” என்றே பதில் வந்திருக்கிறது. கோப்பும் கையுமாகப் பக்கத்தில் பட்நாகர் நிற்க, அன்றைக்கு அந்த அறையில் முதன்முறையாகத் தமிழ் ஒலித்தது.

“உக்காருங்கோ, ஜோதிலிங்கம். நீங்க எந்த ஊர்?”

“ஏரல் பக்கம் சார்.”

“அட, எங்க பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம். இத்தனை வருஷமா பக்கத்து ரூம்ல இருக்கோம், தெரியவே தெரியாமப் போச்சே.”

ஜோதிலிங்கத்துக்கு உட்காரத் தோன்றவில்லை. கண் கலங்கியதை ஏ.சி. காற்றின் மேல் போட்டார்.

“அந்தச் சத்தத்தை என்ன பண்றது?”

“ஒரு டிஸ்க் போயிட்டு சார். புதுசு போட்டா தானா நின்னுரும்.”

“அது வரும். வெள்ளிக்கிழமை செக்ரட்டரி வரார், விருது விஷயமா. அவர் உக்கார்ற நாற்காலிக்குப் பின்னாலேர்ந்து இது கத்திண்டிருந்தா நன்னாவா இருக்கும்?”

“இப்போதைக்கு நிறுத்தலாம் சார். அடுத்த டிஸ்குக்கு ஏதாவதுன்னா மறுபடி கத்தும்.”

“கத்தவே கூடாதுன்னா?”

இந்த இடத்தில் ஜோதிலிங்கம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு கமாண்ட் கிடையாது சார் என்று ஐந்து சொல். ஆனால் மனிதர்கள் விஷயத்தில்கூட அளந்தே பொய் சொல்பவர், இயந்திரத்தைப் பற்றிப் பொய் சொல்லத் துணியவில்லை.

“அதுக்கும் கமாண்ட் இருக்கு சார்.”

“அப்பறம் என்ன. பண்ணிடுங்கோ. உங்க ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. நம்மூர்க்காரர், நான் பாத்துக்க மாட்டேனா?”

எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வாயெடுத்தார். இந்தியில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் இரண்டு பிரதி கேட்டிருப்பார். தமிழில், பெயர் சொல்லி, உட்காருங்கோ என்று ஒருவர் சொன்னபின் எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்தவர் காபி கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்பதா?

அறைக்குத் திரும்பிக் கமாண்டை அடித்தார். இது அந்த நேரத்துக்கு வாயைப் பொத்தும் கமாண்ட் அல்ல, குரல்வளையை எடுக்கும் கமாண்ட். இந்த மாற்றம் அட்டையின் உள்நினைவில், ஃபர்ம்வேருக்குள் எழுதப்படும், கரண்டை நிறுத்திப் போட்டாலும் மறக்காது என்று இயந்திரம் எச்சரித்தது. செய்பவர் பெயர் கேட்டது. கொடுத்தார். நிச்சயமாகவா என்று கேட்டது. அந்தக் கட்டடத்தில் அவரிடம் அப்படிக் கேட்டது அது ஒன்றுதான். ஒய் எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் அழுத்தினார்.

அமைதி. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து டொக் டொக் என்று இரண்டு தட்டு வந்தது. பாராட்டு.

அன்று மாலை, வீட்டுக்குப் போகும் வழியில் இல்லாத, நம்மூர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு பஸ் பிடித்துப் போய், நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“வேலை பக்கா ஆயிடுச்சா அப்பா?” என்றாள் கவிதா, வாயில் சிப்ஸோடு.

“ஆன மாதிரிதான்.”

“எழுதி வாங்கினீயளா?” என்றாள் செல்வி.

“தமிழ்லயே பேசினாரு செல்வி. ஸ்ரீவைகுண்டமாம்.”

“ஸ்ரீவைகுண்டத்துக்காரன் கையெழுத்துப் போட மாட்டானோ?”

“உனக்கு எதுலயும் ஒரு குத்தம்.”

செயலர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். எவ்வளவு அமைதியான அலுவலகம் என்றார். விருது கிடைத்தது. பாராட்டுச் சான்றிதழ் கெட்டித் தாளில் இருபது பிரதிகள் அச்சிடப்பட்டு எல்லாச் சுவர்களிலும் மாட்டப்பட்டது.

வாய் இழந்த இயந்திரத்துக்கு ஜோதிலிங்கமே வாயானார். காலையில் ஒருமுறை விசாரித்தவர் இப்போது மணிக்கொரு முறை விசாரித்தார். உயிரோடிருந்த ஒற்றை டிஸ்கில் பிழைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அதைக் குறித்துப் பட்நாகருக்கு எழுதினார். “ஓடுகிறதா இல்லையா?” என்றார் பட்நாகர். ஓடுகிறது. “அச்சா. ஓடுகிற குதிரைக்கு எதற்கு மருந்து?”

இதனிடையே நிர்வாகத்துக்கு ஒரு நியாயமான சந்தேகம் எழுந்தது. சர்வர் அறையில் சத்தமில்லை. புகாரில்லை. அங்கே ஒரு முழு ஆள் எதற்கு? செயலரின் பங்களாவில் அவருடைய மகனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் கார் ஓட்டும் விளையாட்டு அடிக்கடி நின்றுபோனது. நாட்டு நலன் கருதி ஜோதிலிங்கம் அங்கே அனுப்பப்பட்டார். இந்த முறை எழுத்தில் உத்தரவு கொடுத்தார்கள்.

பங்களாவிலிருந்து தினமும் அலுவலகத்துக்கு போன் செய்தார். எடுப்பவன் நான்காம் மாடிப் பியூன்.

“பையா, சர்வர் ரூம் எப்படி இருக்கு?”

பியூன் போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவான். “பில்குல் ஷாந்த், ஜோதிஜி. ஒரு சத்தமும் இல்லை.”

“கூலர்ல தண்ணி?”

“பூட்டியிருக்கே. சாவி உங்ககிட்டதானே.”

“பட்நாகர் சார்கிட்ட இன்னொரு சாவி இருக்கு, பையா. கேளு.”

கேட்கிறேன் என்பான். கேட்டானா, கேட்டதற்கு அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னாரா, தெரியாது. ஜூன் மாத தில்லி. கூலர் காய்ந்தது. பூட்டிய அறை தந்தூர் அடுப்பானது. அந்த வாரத்தில் ஏதோ ஒரு வேளையில் இரண்டாவது டிஸ்கும் செத்தது. அலாரம் அடிக்கவில்லை. அது உத்தரவுக்குக் கட்டுப்பட்டிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. கணினி மெதுவாக இருக்கிறது என்று நினைத்து, சர்வர் தேவைப்படாத ஒரே வேலையான சீட்டாட்டத்தை எல்லோரும் தொடர்ந்தார்கள்.

பணி நிரந்தரக் கமிட்டி உட்காரும் நாள் காலையில் பங்களாவிலிருந்து விடுவிக்கப்பட்டு ஜோதிலிங்கம் ஓடிவந்தார். பூட்டைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. செருப்பைக் கழற்ற மறந்து உட்கார்ந்து கமாண்டை அடித்தார். டிஸ்க் எதுவும் காணப்படவில்லை என்றது திரை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தார். எழுத்துப் பிழை இல்லை. மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் அடித்தார். இயந்திரம் பொய் சொல்லாது.

பத்தாண்டு வருகை, அதன் மறுபிரதி, இரண்டும் ஒன்றாகப் போயிருந்தன.

மிஞ்சியது அட்டையின் உள்நினைவு மட்டும். அதில் மூன்று வரிகள் இருந்தன. முதல் டிஸ்க் செயலிழந்தது. அலாரம் நிரந்தரமாக அணைக்கப்பட்டது, அணைத்தவர் ஜோதிலிங்கம். இரண்டாம் டிஸ்க் செயலிழந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. அதை அச்செடுத்துக்கொண்டு அவரே கமிட்டி முன் போனார். கிழித்துப் போட்டிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. இயந்திரம் சொன்னதைக் கிழிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

சிக்கனம் கருதி அந்தக் கமிட்டியே விசாரணைக் கமிட்டியாகவும் மாறிக்கொண்டது. தலைவர் வெங்கடேஸ்வரன். பட்நாகர் சாட்சி.

அலாரத்தை அணைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். இணை இயக்குநர் என்றார் ஜோதிலிங்கம். எழுத்தில் இருக்கிறதா? இல்லை. பட்நாகர் அப்போது அறையில் இருந்தாரா? இருந்தார்.

“இருந்தேன்” என்றார் பட்நாகர். “இரண்டு பேரும் மதராஸியில் பேசினார்கள். ஊர் விஷயம், வீட்டு விஷயம் என்று நினைத்தேன். இவர் கண்கூடக் கலங்கியிருந்தது.”

வெங்கடேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அலுவலகச் சூழல் குறித்துப் பொதுவாக ஒரு கவலையைத் தெரிவித்ததாக நினைவு என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஜோதிலிங்கம் எழுந்தார். “சார். நீங்கதான சார் சொன்னீய. நம்மூர்க்காரர்னு சொன்னீயளே சார்.”

“கமிட்டிக்குப் புரிகிற மொழியில் பேசுங்கள்” என்றார் வெங்கடேஸ்வரன், அதையும் ஆங்கிலத்தில்.

பத்தாண்டு வருகைக்கு ஆதாரம் கேட்கப்பட்டது. இல்லை என்பது பதிவு செய்யப்பட்டது. ஜோதிலிங்கம் அந்த மூன்று வரித் தாளைக் காட்டி, நான் அலாரத்தை அணைத்தேன் என்பதை இது நிரூபிக்கிறது என்றால், நான் இங்கே வேலை பார்த்தேன் என்பதையும் நிரூபிக்கிறதே என்று இந்தியில் கேட்டார். கமிட்டி கூடிப் பேசியது. வாதத்தில் நியாயம் இருப்பதாக ஏற்றுக்கொண்டது. அநியாயமாக நடந்துகொண்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அந்த ஒரு நாள் அவர் பணியில் இருந்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது என்று எழுதினார்கள். மற்ற நாட்களுக்கு ஆதாரமில்லை. ஒப்பந்தம் அத்துடன் முடிகிறது. பணிச் சான்றிதழ் கோரினால் விதிப்படி வழங்கலாம்.

அவர் கோரினார். முத்திரையெல்லாம் வைத்து வழங்கினார்கள்.

சாயங்காலம் செல்வி அந்தத் தாளை வாங்கி, தெரிந்த ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஏரலைச் சேர்ந்த திரு. ஜோதிலிங்கம் இவ்வியக்ககத்தில் ஒரு நாள் பணியாற்றினார். நன்னடத்தை பற்றிய பத்தியில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. ஜோதிலிங்கம் திடுக்கிட்டு எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒத்த விசில்தான வந்துருக்கு. ஏன் அணைச்சீய?” என்றாள் செல்வி.

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். தேதியின் மேல் விரலை வைத்தாள்.

“இது அன்னைக்குல்லா” என்றாள். “நீங்க சிப்ஸ் வாங்கியாந்த அன்னைக்கு.”

“ஆமா.”

கவிதா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன அப்பா, பக்கா லெட்டரா?”

செல்வி தாளை மடித்து ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள். பிறகு போய் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். அரிசி வேகவில்லை.